பாம்பு மீட்புப் பணிக்கு வர விரும்பும் தம்பிக்கு: பயிற்சி எங்கே, எதில், எவ்வளவு

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது இருபத்து மூன்று. ஊரில் யார் வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். சாரைப்பாம்புகளைக் கையால் பிடித்துத் தோப்பில் விட்டிருக்கிறார். ஒரு முறை நல்ல பாம்பு ஒன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். முறையான பயிற்சி எங்கே கிடைக்கும், என்னவெல்லாம் கற்க வேண்டும், சான்றிதழ் வேண்டுமா, இதில் பிழைப்பு உண்டா, என்ன கருவி வாங்குவது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதல் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பயிற்சி முடியும்வரை நஞ்சுள்ள எந்தப் பாம்பின் பக்கத்திலும் போகாதீர்கள். நீங்கள் தூக்கிய நல்ல பாம்பு கடிக்காமல் விட்டது உங்கள் திறமைக்குச் சான்றாகாது. நல்ல பாம்பு பெரும்பாலும் படமெடுத்து மிரட்டிப் பார்க்கும். சில நேரம் வாயை மூடிக்கொண்டே மோதிவிட்டுத் தப்பிக்க வழி தேடும். அதே துணிச்சலோடு கண்ணாடி விரியனின் வாலில் கை வைத்தால் அது உடலை வளைத்து உங்கள் கையை எட்டிவிடும். எட்டும் வேகத்தை உங்கள் கண்ணால் பின்தொடரக்கூட முடியாது.

அடுத்து சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்று சொல்லும்போது கொல்வதை மட்டும் குறிப்பிடவில்லை. பிடிப்பதும் பொறி வைப்பதும் அதற்குள் அடங்கும். நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தின் பட்டியல்களில் இருக்கின்றன. பிடிக்க அனுமதி தரும் அதிகாரம் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் இருக்கிறது. ஆகவே ஊர் கூப்பிட்டது, நல்லெண்ணத்தில் பிடித்தேன், தோப்பில் விட்டேன் என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும், வனத்துறைக்குத் தெரியாமல் செய்யும்வரை நீங்கள் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறீர்கள். பிடித்த பாம்பை ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தாலும், குழந்தைகள் கையில் கொடுத்துப் படம் எடுத்தாலும் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்டுவேன். 2020 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு கணவன் விலைக்கு வாங்கிய நாகப்பாம்பைத் தூங்கும் மனைவி மீது விட்டுக் கொன்றான். பாம்பை விற்றவர் பாம்பு பிடிப்பவர். 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த 2020ஆம் ஆண்டிலேயே கேரள வனத்துறை பாம்பு மீட்பவர்களுக்கென நெறிமுறைகளை வகுத்தது. ஆர்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேறியவர்களுக்கு மட்டும் சான்றிதழ் தருகிறார்கள். 'சர்ப்பா' என்ற கைப்பேசிச் செயலி வழியாகப் பொதுமக்கள் அவர்களை அழைக்கலாம். பிடித்த பாம்பு எது, எங்கே விடப்பட்டது என்பது பதிவாகிறது. இந்தியாவில் இந்தத் துறைக்கு நான் பார்த்தவரை மிகத் தெளிவான ஏற்பாடு இதுதான். பாலக்காட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நீங்கள் அங்கே பயிற்சி எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அந்தச் சான்றிதழ் தமிழ்நாட்டில் செல்லாது. உங்களுக்கான வாசல் உங்கள் வனச்சரக அலுவலகம்தான்.

பயிற்சி என்றால் என்ன என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒருநாள் பயிலரங்கில் அறிவு கிடைக்கும், கைப்பழக்கம் வராது. அனுபவமுள்ள, அனுமதி பெற்ற ஒருவரின் பின்னால் குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நடக்க வேண்டும். முதல் சில மாதங்கள் டார்ச் பிடிப்பது, கூட்டத்தை விலக்குவது, குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவையே உங்கள் வேலையாக இருக்க வேண்டும். யாராவது முதல் நாளே கையில் பாம்பைக் கொடுத்தால், தைரியம் வரட்டும் என்று சொன்னால், அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

கற்க வேண்டியவற்றில் முதலாவது அடையாளம் காணுதல். இதில் அவசரப்படாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் நம் சமவெளியில் உயிரிழப்புக்குப் பெரும் காரணம். இவற்றைப் படத்தில் அறிவது எளிது. அரைகுறை வெளிச்சத்தில், அலமாரிக்கு அடியில், உடலின் ஒரு சாண் நீளம் மட்டும் தெரியும்போது அறிவதுதான் தொழில். கட்டுவிரியனையும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இரவில் வரும், இரண்டிலும் வெள்ளைப் பட்டைகள் உண்டு. வளர்ந்த கட்டுவிரியனில் பட்டைகள் தலைப்பக்கம் மங்கலாக அல்லது இல்லாமலே இருந்து, வால் நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் கழுத்திலிருந்தே தெளிவாகத் தொடங்கி வாலில் மங்கும். கட்டுவிரியனின் முதுகுத்தண்டு மேல் செல்லும் செதில் வரிசை மற்றவற்றைவிடப் பெரிதாக அறுகோண வடிவில் இருக்கும். சுவரில் ஏறி நிற்பது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. ஆனால் கட்டுவிரியன் குட்டிகளில் பட்டைகள் கழுத்துப் பக்கமும் தெரியலாம். ஆகவே துளி சந்தேகம் இருந்தாலும் கட்டுவிரியன் என்றே வைத்து வேலை செய்யுங்கள்.

மண்ணுளிப் பாம்பு, மலைப்பாம்புக் குட்டி, கண்ணாடி விரியன் மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசையில் ஓடும் முட்டை வடிவப் புள்ளிகளும், குக்கர் ஆவி போன்ற உரத்த சீறலும் அதைக் காட்டிக்கொடுக்கும். மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணி இதைக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி ஈனும். ஓர் ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள்கூட வரும். ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டி கிடைத்தால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டு வர வேண்டும். உங்கள் ஊர் ஆனைமலை அடிவாரம் என்பதால் மூக்கு நுனி மேல்நோக்கி நிற்கும் குழிவிரியனையும் நீங்கள் சந்திக்கலாம். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது. இந்தக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது.

அடையாளம் காண்பதை உயிர்மூச்சாகக் கொண்டவர்கள் நம் இருளர்கள். பாம்பைப் பார்ப்பதற்கு முன்பே தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் வைத்து எந்தப் பாம்பு, எந்த வளைக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பாம்புத் தோல் வணிகம் தடைபட்டு வாழ்வாதாரம் போன பிறகு, 1978இல் அவர்களுக்காக ஒரு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதன் பின்னால் நின்றவர். உரிமத்தின் பேரில் அந்த நான்கு பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இங்கிருந்துதான் போயிருக்கிறது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிக் கண்டுபிடிக்க அங்குள்ளவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போய்ப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வடநெம்மேலிக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள். நஞ்சு எடுக்கும் காட்சியைப் பார்க்கும்போது பாம்பைப் பார்க்காதீர்கள், அவர்கள் காலடியைப் பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எப்போது பின்வாங்குகிறார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

இப்போது பிடிக்கும் முறை. கழுத்தைக் கம்பால் அழுத்தி, தலையை விரல்களால் பிடிக்கும் பழைய வழக்கத்தை நீங்கள் கற்கவே வேண்டாம். அது நஞ்சு எடுப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் தேவைப்படும் வித்தை. வீட்டிலிருந்து ஒரு பாம்பை வெளியேற்ற அதற்கு அவசியமே இல்லை. விரியனின் நச்சுப்பல் நீளமானது, தாடை வழியாகக்கூட விரலில் இறங்கும். அழுத்தும்போது பாம்பின் கழுத்தெலும்பும் உடைந்துபோகும். கடைகளில் கிடைக்கும் நீண்ட இடுக்கியும் அப்படித்தான். பயந்த கை அதை இறுக்கிவிடும், பாம்பின் விலா எலும்பு நொறுங்கும். வெளியில் காயமே தெரியாமல் அது நாலு நாள் கழித்துச் சாகும். மீட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

குழாயும் பையும்தான் முறை. கெட்டியான பருத்தித் துணியில் நீளமான பை, தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே நூல் தொங்கினால் பாம்பு சிக்கிக்கொள்ளும். அதன் வாயில் ஒரு பிவிசி குழாயைச் செருகி இறுக்கிக் கட்ட வேண்டும். குழாயைச் சுவரோரமாகத் தரையில் வைத்து, நீளமான கொக்கிக் கம்பால் பாம்பை மெதுவாக அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பயந்த பாம்பு இருட்டான பொந்தைத் தேடும். குழாய் அதற்குப் பொந்தாகத் தெரியும், தானே உள்ளே போகும். சில நேரம் ஐந்து நிமிடத்தில் போகும், சில நேரம் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுக்கத் தெரிந்தவர்தான் பயிற்சி பெற்றவர். முழுதும் உள்ளே போனதும் குழாயை உயர்த்தி, பாம்பு பையின் அடிக்கு இறங்கியதை உறுதி செய்து, பையின் கழுத்தைக் கொக்கியால் தரையோடு அழுத்திக்கொண்டு முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். துணி வழியாகவும் பல் இறங்கும் என்பதால் முடிச்சுக்கு மேலேதான் பிடிக்க வேண்டும், உடம்போடு சேர்க்கக் கூடாது. பை உடனே காற்றுத் துளையிட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும். வண்டியின் கைப்பிடியில் தொங்கவிடுவதோ, முதுகுப்பையில் போடுவதோ கூடவே கூடாது.

இந்த வரிசையில் மிக ஆபத்தான கணம் பையில் போடும் கணம். 2022 ஜனவரி இறுதியில் கோட்டயம் பக்கத்தில் வாவா சுரேஷை நாகம் கடித்தது அந்தக் கணத்தில்தான். பாம்பு பிடிப்பதில் எத்தனையோ ஆண்டு அனுபவம் உள்ளவர், கேரளம் முழுதும் அறியப்பட்டவர். பிடித்த நாகத்தைச் சாக்குக்குள் போடும்போது தொடையில் கடித்தது. மருத்துவமனையில் சுயநினைவு தவறி, தீவிர சிகிச்சைக்குப் பிறகுதான் பிழைத்தார். அனுபவம் பாம்பின் வாயை மூடிவிடாது. கைக்கும் வாய்க்கும் நடுவில் குழாய் இருந்தால் அந்தக் கணமே வராது.

கூட்டத்தைப் பற்றி எந்தப் பயிற்சிக் கையேடும் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை. பாம்பைவிட மனிதர்கள் கடினம். நீங்கள் போய் இறங்கும்போது நாற்பது பேர் நிற்பார்கள், பாதிப்பேர் கையில் கைப்பேசி இருக்கும். "கையில் பிடித்துக் காட்டுங்கள் அண்ணா" என்று ஒரு குழந்தை கேட்கும். அந்த நேரத்தில் மறுக்கத் தெரிய வேண்டும். முதல் வேலை, பாம்பை ஒருவர் தூரத்திலிருந்து கண்காணிக்க, மற்றவர்களை வெளியேற்றுவது. வீட்டாரிடம் அமைதியாகப் பேச வேண்டும். 'கொன்றால் இணை வந்து பழிவாங்கும்' என்பார்கள். 'சாரையும் நல்ல பாம்பும் சேர்ந்து ஆடியதைப் பார்த்தேன்' என்பார்கள். அவர்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. 'கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையை மரத்தில் ஏறிப் பார்க்கும்' என்பார்கள்; அந்தப் பாம்புக்கு நஞ்சே கிடையாது. யாரையும் இழிவாகப் பேசாமல் இதையெல்லாம் விளக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடப் பேச்சு அடுத்த முறை அந்தத் தெருவில் ஒரு பாம்பையும், கம்போடு அதை அடிக்கப் போய்க் கடிபடவிருந்த ஒரு மனிதரையும் காப்பாற்றும்.

வரும் அழைப்புகளில் பலவற்றுக்கு நீங்கள் போகவே வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லுங்கள். தோட்டத்தில் சாரை போகிறது என்றால் போகட்டும், அது எலி தின்ன வந்திருக்கிறது. வீட்டுக்குள் என்றால்தான் கிளம்ப வேண்டும். பிடித்த பிறகும் வேலை இருக்கிறது. எங்கே நுழைந்தது என்று பார்த்துக் கதவடி இடைவெளியை அடைக்கச் சொல்லுங்கள், கழிவுநீர்க் குழாய்க்கு வலை போடச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி அடுக்கிய தேங்காய் மட்டையையும் விறகையும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துத் தோப்பு வீடுகளில் பாதிப் பிரச்சினை அந்த மட்டைக் குவியலில்தான் இருக்கும், ஏனென்றால் எலி அங்கேதான் குடியிருக்கும். தரையில் படுப்பவர்களைக் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தூக்கத்தில் நடப்பது, வலிகூடத் தெரியாது. பூண்டு, பினாயில், உப்புக் கோடு எதுவும் பாம்பைத் தடுக்காது.

விடும் இடத்திலும் பலர் தவறு செய்கிறார்கள். 'அடர்ந்த காட்டில் கொண்டுபோய் விட்டேன்' என்று பெருமையாகச் சொல்வார்கள். பாம்புக்குத் தன் வட்டாரம் தெரியும். எந்த வளையில் எலி, எங்கே தண்ணீர், எங்கே ஒளிவது என்று தெரியும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களுக்கு ரேடியோ கருவி பொருத்திக் கவனித்தபோது, வேறு இடத்தில் விடப்பட்ட பாம்பு ஓரிடத்தில் தங்காமல் நெடுந்தூரம் அலைந்தது தெரிய வந்தது. தொலைவில் விட்டால் அது சாகலாம், வழியில் இன்னொருவர் வீட்டுக்குள்ளும் போகலாம். பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே மாதிரியான நிலத்தில், கூடுமானவரை அன்றே, வனத்துறையினர் சொல்லும் இடத்தில் விட வேண்டும்.

கடிபட்டால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு இருக்கிறது. மத்திய அரசு 2024 மார்ச்சில் இதற்கென ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டு, 2030க்குள் உயிரிழப்பைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்று தெரிந்து வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். கடிபட்டால் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108இல் போங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கட்டுவிரியன் என்றால் வீக்கமே இல்லாமல் வயிற்றுவலியும் இமை தொங்கலுமாகத் தொடங்கும். 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். பலமுறை கடிபட்டால் உடம்பு பழகிவிடும் என்பது பொய். நஞ்சுக்கு ஒவ்வாமை உண்டாகி அடுத்த கடி இன்னும் மோசமாகலாம்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். இதை மட்டும் நம்பி வாழ நினைக்காதீர்கள். பெட்ரோல் செலவுக்குக் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. தொகை பேசத் தொடங்கினால் பணமில்லாத வீட்டில் பாம்பை அடித்துக் கொன்றுவிடுவார்கள். நிலையான வேலையோடு இந்தத் துறையில் இருக்க விரும்பினால், வனத்துறைத் தேர்வுக்கோ தீயணைப்பு, மீட்புப் பணித்துறைத் தேர்வுக்கோ படியுங்கள். இன்று பல ஊர்களில் பாம்பு அழைப்புக்கு முதலில் போய் நிற்பவர்கள் தீயணைப்பு வீரர்கள்தான். குரங்கு, மரநாய் போன்றவற்றையும் கையாள எண்ணம் இருந்தால் அது தனிப் பயிற்சி. அதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவரிடம் முன்கூட்டியே போட்டுக்கொள்வது கட்டாயம்.

கருவிக்குப் பெரிய செலவு இல்லை. கணுக்கால் மூடிய கெட்டியான காலணி, நல்ல டார்ச், கொக்கிக் கம்பு, இரண்டு அளவுகளில் குழாய், நான்கைந்து துணிப்பை, மூடியுள்ள டப்பா. இடுக்கி வாங்காதீர்கள். ஆனால் இவற்றையும் இப்போதே வாங்க வேண்டாம். முதலில் உங்கள் வனச்சரக அலுவலரைப் பார்த்து, தன்னார்வலராக விரும்புகிறேன் என்று பெயர், முகவரி, இரத்த வகை, உங்கள் வீட்டாரின் சம்மதம் ஆகியவற்றோடு கடிதம் கொடுங்கள். இதுவரை பிடித்தவற்றையும் மறைக்காமல் சொல்லி, இனி அனுமதியோடுதான் செய்வேன் என்று எழுதுங்கள். அந்தச் சரகத்தில் ஏற்கெனவே அனுமதியோடு வேலை செய்பவர் யார் என்று கேட்டு அவருடன் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்கிடையில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அவருடைய எண்ணைக் கொடுங்கள். அவர் வரும்வரை பாம்பைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு, வீட்டாரை வெளியே நிறுத்திவையுங்கள்.